கடைசிப் பத்து மீட்டருக்கு யார் பொறுப்பு?

அமெரிக்காவில் மலையேற்றச் சாமான்கள் விற்கும் பெரிய கடைகளில் ஒரு கண்ணாடி அலமாரி இருக்கும். உள்ளே கைக்கு அடக்கமான ஜி.பி.எஸ். கருவிகள். 150 டாலருக்கு ஒன்று, 300 டாலருக்கு ஒன்று, 500 டாலரைத் தொட்டபடி இன்னொன்று. மூன்றும் அண்ணாந்து பார்ப்பது ஒரே வானத்தைத்தான். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் அதே செயற்கைக்கோள்களைத்தான். பிறகு எதற்கு இவ்வளவு விலை வித்தியாசம்? முதல்முறை வாங்க வருபவருக்கு வரும் முதல் சந்தேகம் இது. கடையில் கிடைக்கும் பதிலில் பாதி, அவருக்குத் தேவையே இல்லாததாக இருக்கும்.

குறிப்பாக, வாங்க வந்த காரணம் ஜியோகேஷிங் என்றால்.

கேஷ் என்றதும் பணம் என்று நினைத்துவிட வேண்டாம். இது ஒளித்து வைக்கும் பெட்டி. யாரோ ஒருவர் ஒரு டப்பாவுக்குள் சின்ன நோட்டுப் புத்தகத்தைப் போட்டு, காட்டிலோ பூங்காவிலோ மறைத்து வைக்கிறார். அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் போடுகிறார். மற்றவர்கள் அந்த எண்களை ஜி.பி.எஸ். கருவியில் ஏற்றிக்கொண்டு தேடிப் போகிறார்கள். கண்டுபிடித்தால் நோட்டில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வர வேண்டும். சிறுவர்களுக்காகச் சில பெட்டிகளில் பொம்மை, கோலிக்குண்டு என ஏதாவது கிடக்கும். ஒன்றை எடுத்தால் அதற்குச் சமமான இன்னொன்றைப் போட வேண்டும். உலகம் முழுக்க இப்படி முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் ஒளிந்திருக்கின்றன.

இந்த விளையாட்டு பிறந்த தேதி துல்லியமாகத் தெரியும். 2000ஆம் ஆண்டு மே மாதம் வரை, பொதுமக்கள் கையில் இருந்த ஜி.பி.எஸ். கருவிகளுக்கு அமெரிக்க ராணுவம் வேண்டுமென்றே கலப்படம் செய்த சிக்னலைத்தான் கொடுத்துவந்தது. நூறு மீட்டர் வரை பிசகு வரும். அதிபர் கிளின்டனின் உத்தரவுப்படி மே 1 நள்ளிரவோடு அந்தக் கலப்படம் நிறுத்தப்பட்டது. ஒரே ராத்திரியில் எல்லாருடைய கருவியும் ஏறக்குறைய பத்து மடங்கு திறமைசாலி ஆகிவிட்டது. மே 3ஆம் தேதி, டேவ் அல்மர் என்ற கணினி ஆலோசகர் ஆரிகன் மாநிலத்தில், போர்ட்லேண்ட் நகருக்கு வெளியே பீவர்க்ரீக் பக்கம் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் வாளியைக் காட்டில் வைத்தார். உள்ளே புத்தகம், வீடியோ, கவண், ஒரு பீன்ஸ் டின். வடக்கு 45° 17.460', மேற்கு 122° 24.800' என்று எண்களை இணையக் குழு ஒன்றில் எழுதினார். மூன்றே நாளில் இரண்டு பேர் தேடிப் பிடித்துவிட்டார்கள். முதலில் கண்டுபிடித்தவர் மைக் டீக். அந்த இடத்தில் இன்று நினைவுப் பலகை இருக்கிறது.

அந்தக் காட்டிலிருந்து ஒரு மணி நேர கார் பயணத்துக்குள் வந்துவிடும் ஊர் ஹில்ஸ்பரோ. இன்டெல் நிறுவனத்தின் மிகப் பெரிய வளாகம் அங்கே இருப்பதால் தமிழ்க் குடும்பங்களும் அக்கம்பக்கத்தில் உண்டு. மழை விட்டு, மேகம் விலகிய சனிக்கிழமைகளில் பிள்ளைகளைத் திரையிலிருந்து பிரித்து வெளியே கிளப்ப வழி தேடும் பெற்றோருக்கு இந்த விளையாட்டு கண்ணில் படாமல் இருக்காது. போர்ட்லேண்ட் நகருக்குள்ளேயே 5,000 ஏக்கருக்கு மேல் விரிந்த ஃபாரஸ்ட் பார்க் இருக்கிறது. அப்புறம் என்ன, பிறந்தநாள் பரிசாக ஒரு ஜி.பி.எஸ். கருவி வாங்கினால் என்ன என்ற யோசனை வரும். அங்கேதான் அந்தக் கண்ணாடி அலமாரி குறுக்கே நிற்கிறது.

எண்ணுக்குள்ளேயே ஒரு பிசகு

500 டாலர் கருவி நேராகப் பெட்டியின் மேலேயே கொண்டுபோய் நிறுத்தும், 150 டாலர் கருவி எங்கோ விட்டுவிடும் என்பதுதான் பொதுவான நினைப்பு. அல்மர் எழுதிய எண்ணையே எடுத்துக்கொண்டால் இந்த நினைப்பு எவ்வளவு தூரம் சரி என்பது தெரிந்துவிடும்.

45 டிகிரி, 17.460 நிமிடம். ஜியோகேஷிங்கில் எல்லாரும் எழுதும் முறை இதுதான்: டிகிரி, நிமிடம், நிமிடத்தில் மூன்று தசம இடங்கள். கடைசி இலக்கம் ஒன்று கூடினால், வடக்கே சுமார் 1.85 மீட்டர் நகர்ந்ததாகக் கணக்கு. கிழக்கு மேற்காக, ஆரிகன் இருக்கும் அட்சரேகையில், சுமார் 1.3 மீட்டர். ஆக, எண்ணே அதைவிட நுணுக்கமாகப் பேசாது. எவ்வளவு காசு கொட்டிக் கருவி வாங்கினாலும், எழுதப்பட்ட எண்ணைவிடத் துல்லியமாக அது எதையும் காட்ட முடியாது.

அதோடு முடியவில்லை. மரங்களுக்கு நடுவே சாதாரணக் கைக்கருவி ஐந்திலிருந்து பத்து மீட்டர் வரை தவறும். தேடுபவரின் கருவி மட்டுமா? பெட்டியை ஒளித்தவரும் இதேபோல ஒரு கருவியை வைத்துத்தானே எண்ணைக் குறித்திருக்கிறார்! அவர் கருவி வடக்கே ஆறு மீட்டர் தள்ளிக் காட்டி, தேடுபவரின் கருவி தெற்கே ஆறு மீட்டர் தள்ளிக் காட்டினால், இடையில் பன்னிரண்டு மீட்டர். விலை உயர்ந்த கருவி இதில் ஒரு பாதியை மட்டும்தான் சரிசெய்யும். மறுபாதி, பத்து வருடத்துக்கு முன் முன்பின் தெரியாத ஒருவர் கையில் என்ன வைத்திருந்தார் என்பதைப் பொறுத்தது.

அதனால் கருவியின் வேலை, தேடுபவரைப் பத்து மீட்டர் வட்டத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பது. பிறகு பத்திரமாகக் காருக்குத் திருப்பிக் கொண்டுவருவது. வட்டத்துக்குள் தேடுவது கண்ணின் வேலை. முதல் கருவிக்கான பணத்தை இந்த இரண்டு வேலைகளுக்குத்தான் செலவழிக்க வேண்டும், துல்லியம் என்ற சொல்லுக்கு அல்ல.

நின்றால் திசை தெரியாது

ஜி.பி.எஸ். கருவியைப் பற்றிப் பலருக்கும் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. எங்கே இருக்கிறோம் என்பது அதற்குத் தெரியும். எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறோம் என்பது தெரியாது. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சிக்னல் வந்துசேர எடுத்த நேரத்தை வைத்து அது இடத்தைக் கணக்கிடுகிறது. நடந்தால், போன நொடி அங்கே, இந்த நொடி இங்கே, ஆகவே போகும் திசை இது என்று முடிவு செய்கிறது. நின்றுவிட்டால் அந்த அம்புக்குறி பேய் பிடித்த மாதிரி சுற்ற ஆரம்பிக்கும்.

காட்டில் பெட்டியைத் தேடுபவர் எங்கே நிற்பார்? சரியாகக் கடைசிப் பத்து மீட்டரில்தான். எங்கே திசை மிகவும் தேவையோ அங்கே அம்பு கைவிடுகிறது. முதல் நாளிலேயே கருவி மட்டம் என்று சொல்லித் திருப்பிக் கொடுப்பவர்கள், பெரும்பாலும் இந்த இடத்தில் ஏமாந்தவர்கள்.

இதற்கு மருந்து, கருவிக்குள்ளேயே இருக்கும் மின்னணுத் திசைகாட்டி. அது காந்தத்தை வைத்து வேலை செய்வதால், நின்றாலும் திசை சொல்லும். விலைப்பட்டியலில் பணம் கொடுக்கத் தகுதியான முதல் வசதி இதுதான். கார்மின் நிறுவனத்தின் ஈட்ரெக்ஸ் வரிசையே நல்ல உதாரணம். 2019இல் வந்த 22எக்ஸ், 32எக்ஸ் இரண்டும் பார்க்க இரட்டைப் பிள்ளைகள். ஒரே திரை, ஒரே வரைபடம், ஒரே பேட்டரி. அறிமுக விலை மட்டும் ஒன்று 200 டாலர், மற்றது 300 டாலர். அந்த நூறு டாலருக்குக் கிடைப்பது மின்னணுத் திசைகாட்டியும், காற்றழுத்தத்தை வைத்து உயரம் சொல்லும் கருவியும்.

நூறு டாலர் அதிகம் என்று தோன்றுகிறதா? நியாயம்தான். அப்படியானால் பத்து டாலருக்குக் கிடைக்கும் முள் திசைகாட்டி ஒன்று போதும். 22எக்ஸ் கருவி, பெட்டி எத்தனை டிகிரியில் எத்தனை மீட்டரில் இருக்கிறது என்று எண்ணாகச் சொல்லும். அந்த டிகிரியை முள் திசைகாட்டியில் பார்த்துக்கொண்டு நடக்கலாம். ஒரே ஒரு ஜாக்கிரதை. முள் காட்டுவது காந்த வடக்கு. கருவி வேறு வடக்கைக் காட்டிக்கொண்டிருக்கலாம். போர்ட்லேண்ட் பகுதியில் உண்மையான வடக்குக்கும் காந்த வடக்குக்கும் சுமார் 15 டிகிரி வித்தியாசம். பத்து மீட்டரில் இது பெரிதாகத் தெரியாது. அரை கிலோமீட்டரில் 130 மீட்டர் தள்ளிப் போய்விடும். கருவியின் அமைப்பில் காந்த வடக்கு என்று மாற்றிக்கொண்டால் இரண்டும் ஒத்துப்போகும்.

இன்னொரு வழிக்குக் காசே வேண்டாம். முப்பது மீட்டர் தள்ளியே நின்று, அம்பு காட்டும் திசையில் சீராக நடந்து, அது எந்த மரத்தை நோக்குகிறது என்று பார்த்துக்கொள்வது. பிறகு சுற்றிப் போய் வேறு பக்கத்திலிருந்து அதேபோல ஒரு நடை. இரண்டு கோடுகளும் எங்கே வெட்டிக்கொள்கின்றனவோ அங்கே தேடலாம். பழைய ஆட்கள் இப்படித்தான் பிடித்தார்கள். குழந்தைகளுக்கு இந்த வேலை மிகவும் பிடிக்கும். ஒரு பிள்ளை ஒரு பக்கம், இன்னொன்று மறுபக்கம்.

மின்னணுத் திசைகாட்டி வாங்கியவர்கள் கவனிக்க வேண்டியதும் ஒன்று உண்டு. பேட்டரி மாற்றும்போதெல்லாம் அதை மறுபடி சரிபார்த்துக்கொள்ள வேண்டும். திரையில் சொல்கிறபடி கருவியைச் சுழற்றினால் முடிந்தது. ஆனால் காருக்குப் பக்கத்தில் நின்று செய்தால் காரின் இரும்பு அதைக் குழப்பிவிடும். காந்தம் வைத்த செல்போன் உறையும் அப்படித்தான்.

செல்போன் இருக்கும்போது இது எதற்கு?

நியாயமான கேள்வி. ஊருக்குள் இருக்கும் பெட்டிகளுக்கு உண்மையில் செல்போனே போதும். ஆப் இலவசமாகவே கிடைக்கிறது. சில பெட்டிகளை மட்டும் சந்தா கட்டியவர்களுக்கே காட்டும். சிக்னல் இல்லாத இடத்தில் செல்போனின் ஜி.பி.எஸ். வேலை செய்யாது என்பதும் கட்டுக்கதை. டவர் இல்லாவிட்டாலும் அது செயற்கைக்கோளைப் பிடிக்கும், கொஞ்சம் தாமதமாகலாம். வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்திருந்தால் போதும். ஆகவே கருவி வாங்குவதற்கு முன், இரண்டு மூன்று வாரம் செல்போனை வைத்தே பத்து இருபது பெட்டிகளைத் தேடிப் பார்ப்பது நல்லது. வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை என்றால் 200 டாலர் மிச்சம்.

பிடித்துவிட்டால், கதை வேறு. ஊருக்குள் இருக்கும் பெட்டிகள் சீக்கிரம் தீர்ந்துவிடும். அடுத்து காடு. ஒவ்வொரு பெட்டிக்கும் சிரமத்துக்கு ஒன்று, நிலப்பரப்புக்கு ஒன்று என ஐந்து நட்சத்திர மதிப்பு உண்டு. நிலப்பரப்பில் மூன்று, நான்கு என்று ஏற ஏற, செல்போன் தடுமாறும். ஆரிகன் மழையில் நனைந்த விரலுக்குத் தொடுதிரை மசியாது. வெயிலில் திரை தெரியாது. ஜி.பி.எஸ்., வரைபடம், முழு வெளிச்சத்தில் திரை என மூன்றும் சேர்ந்து பேட்டரியை உறிஞ்சும். டவர் கிடைக்காத இடத்தில் செல்போன் விடாமல் டவரைத் தேடித் தேடியே இன்னும் சீக்கிரம் இளைக்கும். குளிர் வேறு.

டிசம்பரில் போர்ட்லேண்டில் மாலை நாலரை மணிக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும். உயர்ந்து நிற்கும் டக்ளஸ் ஃபிர் மரங்களுக்கு அடியில் அதற்கு முன்பே இருட்டு. பெட்டியைத் தேடும் மும்முரத்தில் பாதையை விட்டு ஐம்பது மீட்டர் உள்ளே போய், குனிந்து நிமிர்ந்து, நாலு சுற்றுச் சுற்றிய பிறகு, பாதை எந்தப் பக்கம் என்பது பெரியவர்களுக்கே மறந்துபோகும். கூடவே ஒன்பது வயதுப் பிள்ளை. செல்போனில் மூன்று சதவீதம் சார்ஜ். வரைபடம் பார்ப்பதா, உதவிக்கு அழைப்பதா? ஒன்றைத்தான் செய்ய முடியும்.

தனிக் கருவியின் உண்மையான மதிப்பு இந்த இடத்தில் இருக்கிறது. வழி காட்டுவது கருவியின் பொறுப்பு. செல்போன் அணைத்து, பைக்குள், முழு சார்ஜோடு. உதவிக்கு அழைக்க மட்டும்.

அதனால்தான் பேட்டரியைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே யோசிக்க வேண்டியிருக்கிறது. ஈட்ரெக்ஸ் 22எக்ஸ், 32எக்ஸ் இரண்டும் ஏஏ அளவுள்ள இரண்டு பென்சில் பேட்டரிகளில் 25 மணி நேரம் ஓடும் என்கிறது நிறுவனம். 2023இல் வந்த ஈட்ரெக்ஸ் எஸ்இ அதே இரண்டு பேட்டரியில் 168 மணி நேரம் என்கிறது. கறுப்பு வெள்ளைத் திரை, வரைபடம் கிடையாது என்பதால் அந்தச் சிக்கனம். ஜிபிஎஸ்மேப் 67 போன்ற பெரிய கருவிகளில் பேட்டரி உள்ளேயே அடைபட்டது. செல்போன் மாதிரி சார்ஜ் ஏற்ற வேண்டும். ஒரு சார்ஜில் நாள்கணக்கில் ஓடும்தான். ஆனால் முதல் நாள் ராத்திரி சார்ஜ் போட மறந்த வீட்டில், பென்சில் பேட்டரி வண்டிதான் ஜெயிக்கும். எந்தப் பெட்ரோல் பங்கிலும் கிடைக்கும். முதல் கருவிக்குப் பென்சில் பேட்டரியே நல்லது. திரும்பத் திரும்ப சார்ஜ் செய்யும் நிக்கல் வகை நான்கு வாங்கினால் இரண்டு கருவிக்குள், இரண்டு பையில். கருவியின் அமைப்பில் எந்த வகை பேட்டரி என்று குறிப்பிடாவிட்டால், மிச்சம் எவ்வளவு என்று அது தப்பாகக் காட்டும்.

வாங்கிய நாளிலேயே வீட்டில் எல்லாரும் பழக வேண்டிய பொத்தான், இடத்தைக் குறித்து வைக்கும் பொத்தான். காரை நிறுத்தியதும் முதல் வேலை அதை அழுத்துவது. 'கார்' என்று பெயர் வைத்தால் போதும். திரும்பும்போது அதைத் தேர்ந்தெடுத்தால் அம்பு காரைக் காட்டும். அம்பு நேர்கோட்டில் காட்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. நடுவில் ஓடையோ பள்ளமோ இருப்பது அதற்குத் தெரியாது. வந்த வழியே திரும்பிக் கூட்டிப்போகும் வசதியும் இருக்கிறது. காட்டில் அதுதான் பத்திரம். பெட்டியைக் கண்டுபிடிக்கும் வேலையைப் பிள்ளைக்குக் கொடுப்பதுபோல், காரைக் குறித்து வைக்கும் வேலையையும் பிள்ளைக்கே கொடுத்துவிட்டால் அது ஒருநாளும் மறக்காது. பெரியவர்கள்தான் மறப்பார்கள்.

ஆன்டெனா, தண்ணீர், வரைபடம்

ஆன்டெனா இரண்டு வகை. ஈட்ரெக்ஸ் போன்ற சிறிய கருவிகளில் தட்டையான ஆன்டெனா, உடம்புக்குள்ளேயே மறைந்திருக்கும். அதை உள்ளங்கையில் தட்டு ஏந்துவதுபோல், திரை வானத்தைப் பார்க்கப் பிடிக்க வேண்டும். ஜிபிஎஸ்மேப் வரிசையில் தலையில் கொம்பு மாதிரி ஒரு சுருள் ஆன்டெனா. நிமிர்த்திப் பிடித்தால் நன்றாகக் கேட்கும். அடர்ந்த மரங்களுக்கு அடியில் கொம்பு வைத்தது கொஞ்சம் கெட்டிக்காரன் என்பதில் சந்தேகமில்லை. இரண்டு அலைவரிசைகளைக் கேட்கும் புதிய கருவிகள், பாறையிலும் கட்டடத்திலும் மோதித் திரும்பி வரும் பொய் சிக்னலை இன்னும் நன்றாக அடையாளம் காணும். ஆனால் மேலே சொன்ன கணக்கு மாறாது. ஒளித்தவரின் பிசகு அப்படியே இருக்கும். பெட்டி தேடுபவரைவிட, பெட்டி ஒளித்து வைப்பவருக்குத்தான் இந்தக் கருவி அதிகம் பயன்படும்.

தண்ணீரைப் பொறுத்தவரை ஐபிஎக்ஸ்7 என்று போட்டிருந்தால் போதும். ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாக்குப்பிடிக்கும் என்று பொருள். ஆரிகன் மழைக்கு அது தாராளம். ஓடையில் விழுந்தால் மிதக்கும் என்று மட்டும் நினைக்கக் கூடாது; கையில் மாட்டும் கயிறு அவசியம்.

வரைபடம்? விற்பனையாளர்கள் அதிகம் பேசுவது இதைப் பற்றித்தான். இரண்டேகால் அங்குலத் திரையில் வரைபடம் பார்ப்பது, ஜன்னல் ஓட்டை வழியாகத் தேர் பார்ப்பது மாதிரி. பாதை எங்கே பிரிகிறது, ஓடை எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ள உதவும். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். காட்டுக்குள் போகிற குடும்பத்துக்கு வரைபடம் உள்ள கருவி நல்லது. பூங்காவோடு நின்றுவிடுகிற குடும்பத்துக்கு அது வீண் செலவு.

17.460 என்றால் 17 நிமிடம் 46 வினாடி அல்ல

பெட்டி விவரங்களைக் கருவிக்குள் ஏற்ற இரண்டு வழி. கணினியில் ஜிபிஎக்ஸ் கோப்பாக இறக்கி, கேபிள் வழியாக ஏற்றலாம். எஸ்இ போன்ற புதியவற்றில் செல்போனோடு புளூடூத்தில் இணைத்தால் தானாக வந்து உட்காரும். இரண்டிலுமே பெட்டியின் எண், விளக்கம், துப்பு எல்லாம் சேர்ந்தே வரும். காகிதத்தில் எழுதிக்கொண்டு போக வேண்டியதில்லை. 22எக்ஸ், 32எக்ஸ் இரண்டுக்கும் பழைய மினி வகைக் கேபிள். புது செல்போன் சார்ஜர் இதில் நுழையாது. பெட்டியோடு வரும் கேபிளைத் தொலைக்காமல் வைத்திருப்பது உத்தமம்.

எண்ணைக் கையால் தட்டுபவர்கள் வழுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. கருவியில் டிகிரி, நிமிடம், வினாடி என்ற முறை தேர்வாகியிருக்க, 17.460 என்பதை 17 நிமிடம் 46.0 வினாடி என்று போட்டுவிடுவார்கள். 17.460 நிமிடம் என்பது உண்மையில் 17 நிமிடம் 27.6 வினாடி. இடையில் 18.4 வினாடி வித்தியாசம். தரையில் சுமார் 570 மீட்டர். கடைசிப் பத்து மீட்டருக்காக நூறு டாலர் கூடுதலாகக் கொடுத்தவர், ஒரு புள்ளியைத் தப்பாகப் படித்து அரை கிலோமீட்டர் தள்ளிப் போய் நிற்பார். அல்மரின் அடுத்த எண்ணான 24.800ஐ இதேபோல 24 நிமிடம் 80 வினாடி என்று போடப் பார்த்தால், அறுபதுக்கு மேல் வினாடி ஏது என்ற சந்தேகம் வந்து விழித்துக்கொள்ளலாம். எல்லா எண்ணும் அப்படி எச்சரிக்காது. வாங்கிய அன்றே இடக்குறிப்பு முறையில் டிகிரியும் தசம நிமிடமும் என்பதைத் தேர்ந்தெடுத்து, அதற்கடுத்த வரியில் டபிள்யூஜிஎஸ்84 என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டால் இந்தக் கவலை இல்லை.

பழைய கருவி வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம். மெகல்லன், டிலோர்ம் என்றெல்லாம் ஒரு காலத்தில் போட்டி இருந்தது. டிலோர்ம் நிறுவனத்தை 2016இல் கார்மினே வாங்கிவிட்டது. இன்று கடை அலமாரியில் பெரும்பாலும் கார்மின்தான். பழைய சந்தையில் மற்றவையும் கிடைக்கும். 2006இல் வந்த ஜிபிஎஸ்மேப் 60சிஎஸ்எக்ஸ் கருவியைக் கும்பிடாத பழைய ஜியோகேஷர் கிடையாது. கொம்பு ஆன்டெனா, மின்னணுத் திசைகாட்டி, பென்சில் பேட்டரி என எல்லாமே அதில் அன்றைக்கே இருந்தது.

பழசில் பார்க்க வேண்டியவை: பேட்டரி அறையில் பச்சை பூத்திருக்கிறதா, பொத்தான் ரப்பர் விரிந்திருக்கிறதா, கேபிள் இருக்கிறதா. 2000ஆம் ஆண்டு வாக்கில் வந்த மஞ்சள் ஈட்ரெக்ஸ் போன்றவற்றின் கேபிள், இன்றைய கணினிகளில் இல்லாத சீரியல் வகை. தேதி தப்பாகக் காட்டினால் பயப்பட வேண்டாம். ஜி.பி.எஸ். வாரங்களை 1,024 வரை எண்ணிவிட்டு மறுபடி சுழியிலிருந்து தொடங்கும். 2019 ஏப்ரல் 6ஆம் தேதி அப்படித் திரும்பியபோது சில பழைய கருவிகளின் நாள்காட்டி இருபது வருடம் பின்னால் போய்விட்டது. இடத்தைப் பெரும்பாலும் சரியாகவே சொல்லும். பேரம் பேச மட்டும் அந்தத் தேதி நல்ல காரணம்.

ஆக, எதை வாங்குவது? பூங்காவும் ஊரோரமும் போதும் என்ற வீட்டுக்கு எஸ்இ. அறிமுக விலை 150 டாலர், பேட்டரிக் கவலை இல்லை, பிள்ளை கீழே போட்டாலும் மனசு பதறாது. காட்டுக்குள் போகிற வீட்டுக்கு 32எக்ஸ். பணம் கொஞ்சம் இடித்தால் 22எக்ஸும் முள் திசைகாட்டியும். 500 டாலர் கருவியை முதல் வருடம் யாரும் வாங்கத் தேவையில்லை. இரண்டாவது வருடம் சொந்தமாகப் பெட்டி ஒளிக்க ஆசை வந்தால் அப்போது யோசிக்கலாம்.

இந்தியாவுக்கு விடுமுறையில் வருபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை இங்கே அவசியம். 67ஐ என்பதுபோல் பெயரில் 'ஐ' ஒட்டிக்கொண்டிருக்கும் சில கருவிகள், இன்ரீச் என்ற வசதியால் இரிடியம் செயற்கைக்கோள் வழியாகச் செய்தியும் அனுப்பும். டவரே இல்லாத காட்டில் அது உயிர் காக்கும். ஆனால் அத்தகைய கருவியை அனுமதியில்லாமல் இந்தியாவுக்குள் வைத்திருப்பது சட்டப்படி குற்றம். தெரியாமல் கொண்டுவந்த வெளிநாட்டுப் பயணிகள் விமான நிலையங்களில் தடுத்து நிறுத்தப்பட்டு, வழக்கில் மாட்டியிருக்கிறார்கள். தாத்தா பாட்டியிடம் காட்டலாம் என்று பெட்டியில் போட்டுவிட வேண்டாம். இந்தியாவிலும் ஜியோகேஷிங் பெட்டிகள் உண்டு; அவற்றைத் தேட செல்போனே போதும்.

கருவி பத்து மீட்டர் என்று காட்டியதும் அதைப் பைக்குள் போட்டுவிட்டுச் சுற்றிலும் பார்ப்பதுதான் அனுபவஸ்தர்களின் பழக்கம். குழி தோண்டி ஒளிப்பது விதிப்படி கூடாது; அல்மரின் வாளி பாதி மண்ணுக்குள் இருந்தது, இன்றைக்கென்றால் அனுமதி கிடைத்திருக்காது. அதனால் தரையைக் கிளற வேண்டாம். விழுந்து கிடக்கும் மரத்தின் அடிப்பக்கம், வேர்களுக்கு நடுவே உள்ள பொந்து, இயற்கையாக விழுந்ததுபோல் இல்லாமல் யாரோ அடுக்கியதுபோல் தெரியும் குச்சிகள், கற்கள் ஆகியவற்றைத்தான் பார்க்க வேண்டும். மூன்று மூன்று இலையாக இருக்கும் பாய்சன் ஓக் செடியைப் பிள்ளைகளுக்கு முதலிலேயே படத்தில் காட்டிவிட வேண்டும். தொட்டால் தோல் நாள்கணக்கில் அரித்துக் கொப்பளிக்கும். பெட்டி கிடைத்தால் நோட்டில் எழுத வேண்டும். விரல் நுனி அளவு குட்டி டப்பாக்களில் பேனா வைக்க இடம் இருக்காது. ஈரக் காகிதத்தில் பேனா எழுதவும் எழுதாது. எந்தக் கருவியோடும் சேர்ந்து வராத அந்தப் பொருளை வீட்டிலிருந்தே எடுத்துப் போக வேண்டும்: சீவிய பென்சில், இரண்டு.